வாய்க்காலுக்கு மேற்கே ஒரு நாள்

அன்பு மகளுக்கு,

பொங்கலுக்கு உன் மாமனார், மாமியாரையும் கூட்டி வருவதாகச் சொன்னதிலிருந்து அப்பா பெயிண்ட் கடைக்கு நடையாய் நடக்கிறார். நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். எல்லாம் ஒயிட் டவுன், அந்தக் காலத்து பிரெஞ்சுக்காரர் பகுதி. மஞ்சள் சுவர், காகிதப்பூ, காபிக் கடை. பிரான்சில் லியோனிலிருந்து வருகிறவர்களுக்கு அதைக் காட்டவா புதுச்சேரி? பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே, தமிழர் பகுதிக்கு ஒரு நாள் ஒதுக்கு.

முதலில் ரங்கப்பிள்ளை வீதி. பெரிய மார்க்கெட் பக்கத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு, 1730களில் கட்டியது. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்குத் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். 1736இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, சாகும்வரை விடவில்லை. கப்பல் வந்தது, சரக்கு விலை, கவர்னர் வீட்டு வம்பு எல்லாம் அதில் உண்டு, அதுவும் பேச்சுத் தமிழில்.

அந்த வீட்டில் கீழே முற்றம், சுற்றிலும் செதுக்கிய மரத்தூண்கள், முழுக்க நம் கட்டு. படியேறினால் செங்கல்லும் சுண்ணாம்புமாய்ப் பருத்த வெள்ளைத் தூண்கள், ஐரோப்பிய பாணி. கீழே உறவும் வியாபாரமும், மேலே துரைமார் என்று பிரித்து வைத்திருப்பார் என்பது என் ஊகம். பகலெல்லாம் இரண்டு பக்கத்துக்கும் பேசித் தீர்த்த மனுஷனுக்கு ஏற்ற வீடுதான்.

1761 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாளில் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் இடித்துத் தள்ளினார்கள். 1765இல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து மறுபடி கட்டினார்கள். ஆக, உன் பட்டியலில் இருக்கும் மஞ்சள் வீடுகளைவிட இந்த வீடு மூத்தது. இதை உன் மாமனாரிடம் நீயே சொல், நான் சொன்னால் வம்புக்கு இழுப்பதுபோல் இருக்கும்.

அப்புறம் வைசியாள் வீதி. அங்கே வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும். ஒயிட் டவுனில் உயர்ந்த மதிலும் கேட்டும் தெருவை வெளியே நிறுத்திவிடும். இங்கே தெருவைப் பார்த்துத் தாழ்வாரம், உள்ளே தள்ளித் திண்ணை. வழிப்போக்கனும் உட்காரலாம். மாடியை மட்டும் நிமிர்ந்து பார், வளைவு ஜன்னல், சுதை வேலை, கைப்பிடிச் சுவர், எல்லாம் பிரெஞ்சு மோஸ்தர். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு என்று அந்தப் பாணி ஊர் முழுக்கப் பரவியிருந்தது. பிடித்ததை எடுத்துக்கொண்டார்கள், திண்ணையை விடவில்லை. அந்தத் தெருவை பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு சீரமைத்ததற்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

உள்ளே போக முடிகிற வீட்டில் அண்ணாந்து மச்சைப் பார்க்கச் சொல். நெருக்கமாகத் தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து போட்டிருப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். வெயிலில் நின்றுவிட்டு உள்ளே வந்தால் அதன் அருமை தெரியும்.

ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டுக்குள் போக அனுமதி கேட்க வேண்டியிருக்கும். அப்பா விசாரிக்கிறேன் என்றார். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். உன் மாமியாருக்குக் காரம் ஆகுமா என்றும் எழுது.

அம்மா