படகு சுரண்டுவதற்கு முன்னால்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் விசைப்படகு உரிமையாளர் சங்கத்து அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 15 வந்தால் மீன்பிடித் தடைக்காலம். 61 நாளில் பலகை மாற்றுவோம், என்ஜின் பார்ப்போம், படகின் அடியைச் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடிப்போம். அந்தச் சுரண்டலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன தடைக்காலத்தில் சித்தப்பா படகின் அடியில் குனிந்து பார்த்தேன். படகடியில் ஓடோடு ஒட்டி வளரும் கொட்டலசோடு சேர்ந்து சிவப்புப் பெயிண்ட் செதில்கள் தவிடு மாதிரி மணலில் உதிர்ந்து கிடந்தன. மறுநாள் காலை போனால் ஒன்றுகூட இல்லை. ராத்திரி ஏறிய தண்ணீர் எல்லாவற்றையும் கொண்டுபோயிருந்தது.

கொட்டலசு ஒட்டாமல் இருக்கத்தான் அந்தப் பெயிண்டில் நஞ்சு கலக்கிறார்கள். ஒரு காலத்தில் உலகம் முழுக்கக் கலந்தது டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மம். 1970 வாக்கில் இங்கிலாந்தின் பிளிமத் கரையில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்திருந்தது. ஏன் என்று பல வருடம் புரியவில்லை. அப்புறம்தான் படகுப் பெயிண்ட் அவற்றின் ஹார்மோனைக் குலைத்தது என்று தெரிந்தது. முளைத்த குழாய் முட்டை வரும் வழியை அடைத்துவிட, முட்டைகள் உள்ளேயே தேங்கித் தாய் நத்தை செத்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே இந்த மாற்றம் தொடங்கிவிடும். உலகில் 200க்கும் மேற்பட்ட நத்தை இனங்களில் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

நம் சங்கும் முள்ளுச்சங்கும் அந்த நத்தையின் வரிசையைச் சேர்ந்தவைதான். ஆட்டுக்கொம்பு மாதிரி முறுக்கிய சங்கின் முட்டைக்கூட்டைக் கையில் வைத்துப் பார்த்த குளியாட்கள் கீழக்கரையில் எத்தனையோ பேர். அந்தக் கூடு நிற்கும் மணலில்தான் நம் செதிலும் போய்ச் சேருகிறது.

பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பே படுத்துப்போனது. 1982இல் சிறு படகுகளுக்கு அந்தப் பெயிண்டைத் தடுத்தார்கள், சிப்பி திரும்பி வந்தது. கப்பல்களுக்கு உலகத் தடை 2008இல் அமலானது. சரி, அதுதான் தடை வந்துவிட்டதே என்பீர்கள். ஆனால் கடலடிச் சேற்றில் அந்த நஞ்சு வருடக்கணக்கில் தங்கும். நம் படகுகளின் பழைய பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நம்மில் யாரும் கேட்டதே இல்லை. இன்றைய பெயிண்டில் இருக்கும் செம்பும் கடலுக்கு நல்லதல்ல.

படகுக்கு அடியில் தார்ப்பாய் விரித்துச் சுரண்டுங்கள். செதிலைச் சாக்கில் கட்டி, தண்ணீர் ஏறாத இடத்தில் வையுங்கள், எரித்துவிடாதீர்கள். அந்தச் சாக்குகளை எடுத்துப்போக ஏற்பாடு வேண்டும் என்று மீன்வளத் துறையிடம் சங்கமாகப் போய்க் கேளுங்கள். தனி ஆளாக நான் கேட்டால் நடக்காது. பெயிண்ட் வாங்கும்போது, அதில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத டப்பாவைத் தொடாதீர்கள்.

சித்தப்பாவிடம் பேசிவிட்டேன், சம்மதித்துவிட்டார். ஏப்ரல் 16 காலையில் அவர் படகடியில் தார்ப்பாயோடு நிற்பேன். வந்து பாருங்கள்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து ஒரு மீனவர் வீட்டுப் பெண்