ஆபரேஷனுக்கு அப்புறம் நடக்கறதையும் எழுதுங்க ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். மூளைச்சாவு அடைஞ்சவரோட இதயத்த டிராபிக்க நிறுத்தி ஆம்புலன்ஸ்ல கொண்டுபோன நியூஸ் உங்க பேப்பர்ல வந்தா ஒண்ணு விடாம படிச்சிடுவேன். 2008-ல விபத்துல மூளைச்சாவு அடைஞ்ச ஹிதேந்திரனோட உறுப்புகள தானம் குடுக்க அவரோட அப்பா அம்மா எடுத்த முடிவ பத்தி எத்தன தடவ எழுதினாலும் தகும். ஆனா ஆபரேஷன் சக்சஸ்னு போட்டு முடிச்சிடுறீங்க, அதுக்கப்புறம் இதயம் மாத்திகிட்ட அந்த மனுஷன் எப்படி இருக்காருன்னு யாரும் எழுதறதில்ல.

எங்க வீட்டுக்காரர் குடியாத்தத்துல லுங்கி தறி ஓட்டுறவர். இதயம் வீங்கி பம்பிங் கம்மியாகி, சென்னையில மாற்று ஆபரேஷன் நடந்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது. புது இதயத்த உடம்பு எதிர்க்காம இருக்க டாக்ரோலிமஸ் மாத்திரை காலையில எட்டு மணி, ராத்திரி எட்டு மணி, ஆயுசு முழுக்க போடணும். மருந்து கம்மியானா இதயத்துக்கு ஆபத்து, ஜாஸ்தியானா கிட்னி கெட்டுடும், அதனால ரத்தத்துல லெவல் பாத்துகிட்டே இருக்கணும், அதுவும் காலை மாத்திரை போடறதுக்கு முன்னாடியே ரத்தம் எடுக்கணும். இதுக்காக விடியக்காலை ரயில் புடிச்சு, மாஸ்க் போட்டுகிட்டு அந்த கூட்டத்துல சென்னைக்கு போறோம். போன தடவ அரக்கோணத்துக்கு முன்னாடி வண்டி நின்னுபோச்சு, எட்டு ஆச்சு, ஒம்பது ஆச்சு, மாத்திரை இருக்கற சட்டைப்பையில கைய வச்சுகிட்டே உக்காந்திருக்காரு, முழுங்கிட்டா டெஸ்ட் வீண், முழுங்கலன்னா நேரம் தப்புது. ரத்தம் குடுத்துட்டு வராண்டாவுலயே மாத்திரைய போட்டப்ப மணி பதினொண்ணு.

மாத்தி வச்ச இதயத்துக்கு பழைய நரம்பு தொடர்பு இருக்காது, அதனால அடைப்பு வந்தாகூட நெஞ்சுவலி தெரியாம போகலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நான்தான் தினம் எடை பாக்குறேன், கால்ல நீர் கோத்திருக்கான்னு விரல அழுத்தி குழி விழுதான்னு பாக்குறேன். சொந்தக்காரங்க ஆசையா பம்பளிமாஸ் கொண்டுவந்தாங்க, அது மருந்தோட லெவல ஏத்திவிடும்னு சொல்லி திருப்பி குடுக்கறதுக்குள்ள மனஸ்தாபமே ஆயிடுச்சு. ஒரு மெடிக்கல்ல வேற கம்பெனி மாத்திரைய எல்லாம் ஒண்ணுதாம்மான்னு நீட்டினாங்க. டாக்டருக்கு போன் போட்டேன், கம்பெனி மாறினா மறுபடி லெவல் பாக்கணும், இஷ்டத்துக்கு மாத்தாதீங்கன்னாரு.

இந்தியாவுல வெற்றிகரமா மொத கிட்னி மாற்று ஆபரேஷன் 1971-ல நடந்த ஊரு எங்க மாவட்டத்து வேலூர். காசு குடுத்தா இங்கயும் லெவல் பாக்கலாம்தான், தறிக்கூலியில எத்தன தடவ முடியும்? சுகர், பிபி மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வருது. அதேமாதிரி இதயம், கிட்னி, ஈரல் மாத்தினவங்களுக்கு மாவட்டத்துல ஒரு அரசு ஆஸ்பத்திரியில நாள் ஒதுக்கி, காலையில ரத்தம் எடுத்து ரிசல்ட்ட அந்தந்த டாக்டருக்கு அனுப்பி, ஒரே கம்பெனி மாத்திரைய மாசாமாசம் தந்தா போதும், வேற எதுவும் கேக்கல. குடுத்த குடும்பம் யாருன்னு எங்களுக்கு தெரியாது, அவங்க பிள்ளையோட இதயம் ஒரு மாத்திரை லேட்டாகி கெட்டுப்போச்சுன்னா நாங்க எந்த மூஞ்சிய வச்சுகிட்டு இருப்போம். தயவு செஞ்சு இத போடுங்க ஐயா, கலெக்டர் கண்ணுல படட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குடியாத்தம்