மூன்றாவது குதிரையிலிருந்து பத்து எட்டு

உ

தேவகோட்டை

அன்பு மகளுக்கு ஆத்தா எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இங்கிலாந்தில் உங்கள் டாட்னஸில், டார்ட் ஆற்றங்கரைப் பூங்காவில், வேர் இடுக்கிலிருந்து பேரன் ஒரு டப்பாவை இழுக்கிறான். உள்ளே ஒரு முத்திரையும் நோட்டும். அந்த முத்திரையைத் தன் நோட்டில் குத்திக்கொண்டு, தன் முத்திரையை அந்த நோட்டில் பதித்துவிட்டு, இருந்த இடத்திலேயே ஒளித்துவைத்துவிட்டு வந்தானாமே. கண்டெடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டு வருகிற விளையாட்டு. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

1854-ல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, டார்ட்மூர் மேட்டுநிலத்தில் கிரான்மியர் குளத்தருகே, வந்துபோகிறவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டைப் போட்டுவைக்க ஒரு பாட்டில் வைத்தாராம். அதிலிருந்துதான் இது தொடங்கியது என்று எழுதியிருந்தாய். அந்தக் குளத்துப் பேய்க்கதையை அப்பச்சிக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். ஓக்ஹாம்ப்டன் மேயராக இருந்தவரின் ஆவிக்கு, சல்லடையால் குளத்தை இறைத்து முடி என்று தண்டனை. ஆவி ஓர் ஆட்டுத்தோலைச் சல்லடையில் விரித்து இறைத்தே தீர்த்துவிட்டது, ஓக்ஹாம்ப்டனில் வெள்ளம் புகுந்துவிட்டது. 'சல்லடையில் தண்ணீர் அள்ளின மாதிரி' என்று நாம் சொல்வதை அங்கே அள்ளியே காட்டியிருக்கிறதே என்று அப்பச்சி அதிசயப்பட்டார்கள்.

டார்ட் ஆறு வருசத்துக்கு ஓர் உயிர் கேட்கும் என்ற பாட்டையும் பேரன் சொல்கிறானாம். சொல்லட்டும். ஆற்றங்கரையில் வளர்கிற பிள்ளைக்கு அந்தப் பயம் வேண்டும். நம் தண்ணீர்க் கதையும் அவன் வாயில் வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. விருசுழியாற்றைக் காட்டினால் 'ஆறு எங்கே ஆயா?' என்று கேட்பான். மழைக்காலம் போனால் மணலும் சீமைக்கருவேலமும்தானே. அதனால்தான் நமக்குக் கண்மாயும் ஊருணியும், மழை பெய்தால் தண்ணீர் பிடிக்க வளவு வாசலில் கிடாரமும். அப்படியிருந்தும் நம் வீடு தெருவிலிருந்து ஐந்தடி உயரத்தில் நிற்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட பிறகு இந்தப் பக்கம் வந்தவர்கள் நாம், அந்த நினைப்பில் எழுப்பின உயரம் இது என்று என் அப்பத்தா சொல்வார்கள். அவர்களுடைய முகப்புப் படியில் உட்கார்ந்து கேட்ட கதை. அவனையும் அப்படி உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். கண்மாய் மடையில் காவல் இருக்கும் மடைக்கருப்பரையும் அவனுக்குக் காட்ட வேண்டும். அவரைக் கும்பிடாமல் மடையில் கை வைக்கக்கூடாது.

சரி, விசயத்துக்கு வருகிறேன். நானும் ஒன்று ஒளித்துவைத்திருக்கிறேன்.

முத்திரைக்குப் பெரிய அழிரப்பர் வாங்கி, பிளேடால் 'ஊருணி' என்று வெட்டினேன். மை தொட்டுக் குத்தினால் எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பி விழுந்தது. எழுத்தை விட்டுவிட்டு ஐயனார் குதிரை ஒன்றை வெட்டினேன். ஓலைக் கொட்டான் முடைந்த கை அல்லவா, பிடரி மயிர்க் கோடுகள் மட்டும் பிசகாமல் வந்துவிட்டன. கால் மூன்றுதான் நன்றாகப் பதிகிறது. அந்த ரப்பரையும், நாற்பது பக்க நோட்டு ஒன்றையும், அப்பச்சியின் பழைய மைப்பெட்டியையும் பாலிதீன் பையில் சுற்றி, நீ பள்ளிக்கூடத்துக்கு முறுக்குக் கொண்டுபோன எவர்சில்வர் சம்புடத்தில் வைத்து மூடியிருக்கிறேன்.

ஆடியில் வரும்போது கண்மாய் வறண்டுதான் கிடக்கும், பயமில்லாமல் போகலாம். வழியை அவனிடம் நீயே வாசித்துக் காட்டு. ஊருணிப் படித்துறையில் நின்று, காலை வெயில் முகத்தில் படுகிற பக்கமாக நடக்க வேண்டும். கண்மாய்க்கரை ஏறினால் வேளார் செய்த மண்குதிரைகள் வரிசையாக நிற்கும். சின்னப்பிள்ளையில் நீ பார்த்து அழுதாயே, காது உடைந்த குதிரை, அது மூன்றாவது. கோயில் எல்லைக்குள் எதையும் தொடக்கூடாது. அந்தக் குதிரை பார்க்கிற திசையில், அவன் காலால் அல்ல, என் காலால் பத்து எட்டு வைத்தால் ஒற்றைப்பனை. அடியில் மூன்று செம்பாறாங்கல் இருக்கும். நடுக்கல்லைப் புரட்டு, தேள் கிடக்கும், முதலில் குச்சியால் தட்டிவிடு.

பென்சில் உள்ளேயே இருக்கிறது. அவன் முத்திரையை மட்டும் மறக்காமல் எடுத்துவரச் சொல். நோட்டில் முதல் பக்கத்தை விட்டுவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் ஆத்தா