ஒன்பதாவது ரீடிங்

ஏய்,

பேர் போடல. போட்டா உனக்குக் கோவம் வரும், போடலேன்னாலும் இதைப் படிக்கற பாதிப் பேருக்கு யாருக்கு எழுதறேன்னு தெரிஞ்சிடும், அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. மெசேஜ் அனுப்பினா ஒத்த டிக்கோட நிக்குது. அதனாலதான் இங்க.

நாளைக்கு காலைல பத்து மணிக்குள்ள ரூமைக் காலி பண்ணிட்டு சாவியைக் குடுக்கணும். நம்ம பிளாக்கை மூடி ரிப்பேர் பண்ணப் போறாங்களாம், எல்லாரையும் பின்னாடி பிளாக்குக்கு மாத்தறாங்க, அங்க சிங்கிள் ரூம். சிங்கிள் ரூம் வேணும்னு நாம ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம வார்டனுக்கு லெட்டர் எழுதிக் குடுத்தோமே, அது தெரிஞ்சப்புறம் ஒரு வாரம் பேசாம கெடந்தோமே. இப்ப கெடச்சிருச்சு.

நீ காலி பண்ணினதும் போன வருஷம் இதே வாரம்தான். ஏன், என்ன நடந்துச்சு, அன்னைக்கு சாயங்காலம் யார் யார் வந்தாங்க, அதெல்லாம் இங்க எழுதல. உனக்குத் தெரியும், எனக்குப் பாதி தெரியும், மத்தவங்களுக்குத் தேவையில்ல.

பேக் பண்றதுல ஒரு கஷ்டம் என்னன்னா எல்லாத்தையும் ஒரு தடவை கையில எடுக்கணும். நாலு அட்டைப்பெட்டில மூணு புக்குக்கே போயிருச்சு. உன் பக்கத்து அலமாரிக் கதவுல உள்பக்கம் நீ ஒட்டி வெச்ச டைம்டேபிள் இன்னும் இருக்கு, உனக்கப்புறம் வந்த பொண்ணும் அதைக் கிழிக்கல, அவ என்கிட்ட ஒரு தடவைகூட அது யாருதுன்னு கேக்கவும் இல்ல. கட்டிலை நகர்த்தினப்போ சுவத்தோரமா நம்ம ரஃப் நோட்டு கெடந்துச்சு. அட்டை போயிருச்சு. ஆயில் டிராப் எக்ஸ்பெரிமெண்ட், அதான் எண்ணெய்ச் சொட்டு விழற நேரத்தை வெச்சு எலக்ட்ரானோட சார்ஜைக் கண்டுபிடிக்கறது, அது பண்ணின பக்கம் அப்படியே இருக்கு.

என் கையெழுத்துல வரிசையா, 18.4, 18.1, 18.6, 18.3ன்னு எட்டு நம்பர். ஒன்பதாவது எடத்துல வெறும் கோடு. பத்தாவது 18.2.

அந்தக் கோடு ஞாபகம் இருக்கா உனக்கு?

டார்க் ரூம். கதவுக்கு அடியில வெளிச்சம் வரக்கூடாதுன்னு உன் துப்பட்டாவைச் சுருட்டி வெச்சிருந்தோம். ஸ்ப்ரேயரை ரெண்டு தடவை அமுக்கினதும் ஐபீஸ்ல நட்சத்திரம் கொட்டின மாதிரி ஆயிருச்சுன்னு கத்தினியே, எனக்குக் காட்டவே மாட்டேன்னுட்ட, கண்ணை எடுத்தா சொட்டு தொலைஞ்சிடும்னு. அதுவும் உண்மைதான். ஒரு மைக்ரான் கூட ரேடியஸ் இல்லாத ஒரு எண்ணெய்ச் சொட்டு, அரை மில்லிமீட்டர் விழறதுக்குப் பதினெட்டு செகண்ட் எடுத்துக்கும், லென்ஸ் தலைகீழாக் காட்டறதால விழறது மேல ஏறற மாதிரி தெரியும், ஐபீஸ்ல தெரியற கோட்டைத் தாண்டினதும் வோல்டேஜைத் திருப்பிப் போட்டு அதைத் திரும்ப இழுத்துட்டு வரணும். அதே ஒரு சொட்டை நீ நாப்பத்தேழு நிமிஷம் புடிச்சு வெச்சிருந்த. நான் ஸ்டாப்வாட்ச்சும் பேனாவும். நீ "ஸ்டார்ட்" சொல்லுவ, "ஸ்டாப்" சொல்லுவ, நான் எழுதுவேன், அவ்ளோதான் பேச்சு.

ஒன்பதாவது தடவை நீ "ஸ்டார்ட்" சொன்ன. அப்புறம், அதே குரல்ல, ஐபீஸ்ல இருந்து கண்ணை எடுக்காம, "நான் பிஎச்டிக்கு அப்ளை பண்ணல டி, இந்த செமஸ்டரே இருப்பனான்னு தெரியல, வீட்டுல..."ன்னு ஆரம்பிச்ச.

நான் என்ன சொன்னேன்?

"ஸ்டாப் சொல்லு. ஸ்டாப் சொல்லு டி. கோடு தாண்டிருச்சா?"

தாண்டிருச்சு. நீ சொல்ல மறந்துட்ட. ஸ்டாப்வாட்ச் முப்பது, முப்பத்தஞ்சுன்னு போயிட்டே இருந்துச்சு, நான் "போச்சு, ஒரு ரீடிங் போச்சு"ன்னு எரிச்சலாச் சொல்லிட்டு அந்தக் கோட்டைப் போட்டேன். நீ ஒண்ணும் சொல்லல. சுவிட்சைத் திருப்பி சொட்டை மேல கொண்டுவந்துட்டு "ரெடி"ன்ன. பத்தாவது ரீடிங் 18.2. எவ்ளோ கச்சிதம் பாரு. வெளிய வந்தப்போ உன் கண்ணுல தண்ணி, ரொம்ப நேரம் ஐபீஸ்ல பாத்ததாலன்னு சொன்ன, நானும் நம்பினேன். நம்பறது அப்ப வசதியா இருந்துச்சு.

இப்பக்கூட ஒண்ணு சொல்லட்டா, நீ அந்த விஷயத்தைச் சொல்றதுக்கு அந்த நேரமாடி கெடச்சுது? முன்னூறு ராத்திரி ஒரே ரூம்ல தூங்கினோம். லைட்டை அணைச்சப்புறம் ஒரு மணி நேரம் கன்னாபின்னான்னு பேசுவோம். அப்பல்லாம் சொல்லாம, என் ரெண்டு கையும் வேலையா இருக்கறப்போ, உன் முகம் எனக்குத் தெரியாத இருட்டுல சொன்ன. ஒருவேளை அதனாலதான் சொன்னியோ என்னவோ. ஆனா நான் சரியாக் கேக்கலேன்னு முடிவு பண்ணி அதுக்கப்புறம் வாயையே திறக்காம, ரெண்டு வாரம் கழிச்சு நான் கிளாஸ் முடிஞ்சு வர்றதுக்குள்ள மெத்தையைச் சுருட்டி வெச்சிட்டுப் போனது நியாயமா?

சரி. நான் சொல்ல வந்தது இதில்ல.

எலக்ட்ரானோட சார்ஜ்னு நமக்கு வந்த விடை 1.53 கூலும். (பின்னாடி இருக்கற பத்தின் அடுக்கு மைனஸ் 19-ஐ நீயே போட்டுக்கோ.) வரவேண்டியது 1.602. நாலரை சதவீதம் கம்மி, ரெகார்ட்ல "எக்ஸ்பெரிமெண்டல் எரர்"னு எழுதிட்டுப் போயிடலாம்னு நான் சொன்னேன். நீ போகல. சொட்டு விழற சேம்பர் மேல கையை வெச்சுட்டு "சூடா இருக்கு டி"ன்ன. சொட்டு தெரியறதுக்காகப் போடற லைட்டை நாம ஒரு மணி நேரமா அணைக்கவே இல்ல. தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்தா 30 டிகிரி, நாம கணக்குல போட்டது மேனுவல்ல இருந்த 20 டிகிரி காத்தோட விஸ்காசிட்டி, அதான் சொட்டை விழவிடாம இழுக்கற பிசுபிசுப்பு. காத்து சூடானா தண்ணி மாதிரி இல்ல, அதோட விஸ்காசிட்டி ஏறும்னு நீதான் சொன்ன, நான் நம்பாம புக்கை எடுத்துப் பாத்தேன். பத்து டிகிரிக்கு ரெண்டரை சதவீதம்தான் ஏறும், ஆனா ஃபார்முலால அது ஒன்றரை அடுக்குல வர்றதால நாலு சதவீதமாயிரும். திருத்திப் போட்டா 1.59. நீ குதிக்கக்கூட இல்ல. "ம், அதான்"னு சொல்லிட்டு லைட்டை அணைச்ச.

நீ போய் மூணு மாசம் கழிச்சு டிபார்ட்மெண்ட்ல போஸ்டர் போட்டாங்க. அவங்கவங்க பண்ணின ஆராய்ச்சியை போஸ்டரா ஒட்டி விளக்கணும், நான் அந்த டெம்பரேச்சர் திருத்தத்தைத்தான் போட்டேன். பேர் ஒண்ணுதான் இருந்துச்சு.

ஃபார்ம்ல "இப்ப படிக்கற மாணவர்கள் மட்டும்"னு இருந்துச்சு, அது நிஜம். உனக்கு மூணு தடவை போன் பண்ணினேன், அதுவும் நிஜம். "என் பேரு இனிமே அங்க எதுலயும் வேண்டாம்"னு நீயே ஒரு தடவை கோவத்துல அனுப்பியிருந்த, அதையும் நான் எடுத்து வெச்சிருக்கேன், தேவைப்பட்டா காட்டலாம்னு. எவ்ளோ பத்திரமா வெச்சிருக்கேன் பாரு. ஒரு நன்றின்னு கீழ ஒரு வரி போட எந்த ஃபார்மும் தடுக்கல. போஸ்டர் முன்னாடி நின்னுட்டு "டெம்பரேச்சரை எப்படிக் கவனிச்சே?"ன்னு ஒருத்தர் கேட்டப்போ "சேம்பரைத் தொட்டுப் பாத்தேன்"னு என் வாயில இருந்து வந்துச்சு. பொய்யின்னு கூடத் தோணல. அன்னைக்கு ராத்திரி உன் கட்டில் பக்கமே திரும்பாம படுத்தேன்.

இந்த எக்ஸ்பெரிமெண்டை முதல்ல பண்ணின மில்லிகனுக்கு ஃப்ளெட்ச்சர்னு ஒரு ஸ்டூடன்ட் இருந்தார், தெரியுமா? எனக்கு இப்பதான் தெரியும். 1909-ல தண்ணிச் சொட்டு ஆவியாப் போகுதுன்னு தவிச்சிட்டிருந்தப்போ, பெர்ஃப்யூம் அடிக்கற ஸ்ப்ரேயரும் வாட்ச்சுக்குப் போடற எண்ணெயும் வாங்கிட்டு வந்து முதல்ல சொட்டைப் பாத்தது தான்தான்னு அவர் எழுதி வெச்சிருக்கார். மில்லிகன் அவர் வீட்டுக்கே போய் யார் பேரு எந்த பேப்பர்லன்னு பேசி முடிச்சார். பிஎச்டிக்கு ஒருத்தர் பேர் மட்டும் இருக்கற பேப்பர் வேணும், அதனால பிரவுனியன் மோஷன், அதான் குட்டித் துகள்கள் கன்னாபின்னான்னு ஆடறது, அந்தப் பேப்பர் ஃப்ளெட்ச்சருக்கு, எலக்ட்ரான் சார்ஜ் மில்லிகனுக்கு. 1910-ல அது தனிப் பேர்ல வந்துச்சு, 1923-ல நோபல். ஃப்ளெட்ச்சர் 1911-ல டாக்டர் பட்டம் வாங்கிட்டு அப்புறம் பெல் லேப்ஸ்ல காது, பேச்சு பத்தின ஆராய்ச்சில பெரிய ஆளாயிட்டார். நடந்ததை எழுதி வெச்சு, நான் செத்தப்புறம் போடுங்கன்னு குடுத்துட்டுப் போயிட்டார், அது வந்தது 1982-ல. அதுலயும் மில்லிகன் மேல வருத்தம் இல்லேன்னுதான் எழுதியிருக்கார்.

இதைப் படிச்சப்போ எனக்கு அந்தப் பெருந்தன்மை புடிக்கல. நீயும் அப்படித்தான் இருப்பன்னு தோணுச்சு, "அட விடு டி"ன்னு சொல்லிடுவ, நான் ஆயுசுக்கும் அதைத் தூக்கிட்டு அலையணும். திட்டேன் ஒரு தடவை. இன்னொரு வேடிக்கை, மில்லிகனோட நம்பரும் கொஞ்சம் கம்மியாத்தான் வந்துச்சு, 1.592, அதுக்கும் காரணம் காத்தோட விஸ்காசிட்டி தப்பு. அவர் பக்கத்துல சேம்பர்ல கை வெச்சுப் பாக்க நீ இல்ல.

பிஎச்டிக்கு அப்ளை பண்றேன். மூணு மாசமா பண்றேன் பண்ணலன்னு ஊசலாடிட்டு இப்பதான் முடிவு பண்ணேன். பயமாத்தான் இருக்கு, அஞ்சு ஆறு வருஷம், கைட் எப்படிப்பட்ட ஆளா அமைவாரோ, நடுவுல புடிக்காமப் போச்சுன்னா என்ன, அதுவரைக்கும் வீட்டுல என்ன சொல்லி சமாளிக்கறது. அதெல்லாம் கூடப் பரவால்ல. எஸ்ஓபில, அதான் ஏன் சேரணும்னு அப்ளிகேஷனோட குடுக்கற கட்டுரைல, மூணாவது பாரா எழுத முடியல. எல்லாரும் ஒரு சம்பவம் எழுதுங்கறாங்க, அறிவியல்னா என்னன்னு புரிஞ்ச ஒரு நொடி. எனக்கு இருக்கறதே அது ஒண்ணுதான், அதுல சேம்பரைத் தொட்ட கை என்னுது இல்ல. ஏழு டிராஃப்ட். "நான்"னு போட்டா கை நடுங்குது, "நாங்கள்"னு போட்டாலும் பாதிப் பொய்.

ரெக்கமண்டேஷன் குடுக்கறேன்னு சொன்னவங்கள்ல ஒருத்தர் அந்த போஸ்டரைப் பாத்துட்டுத்தான் சரின்னார். அவர் யாருன்னு எழுதல. அவர் இதைப் படிக்க வாய்ப்பிருக்கு. படிச்சா, சார், திங்கக்கிழமை நானே வந்து நேர்ல சொல்றதா இருந்தேன், இப்பவும் வருவேன். லெட்டர் வேண்டாம்னு நீங்க நெனச்சா அது உங்க இஷ்டம்.

அவர்கிட்ட சொல்லப் போறேங்கறதை உனக்கு நல்லவளாக் காட்டிக்கறதுக்காக எழுதறேன்னு நெனப்ப. கொஞ்சம் அதுவும்தான். ஆனா மூணாவது பாராவை நேத்து எழுதி முடிச்சிட்டேன், அதுல சேம்பரைத் தொடறது என் லேப் பார்ட்னர், நான் ஸ்டாப்வாட்ச் புடிச்சிட்டு ரீடிங் போச்சேன்னு கத்தறவ. படிச்சுப் பாத்த சீனியர் அக்கா, "இதுல உன்னைப் பத்தி நல்லதா ஒண்ணுமே இல்லையேடி"ன்னாங்க. அப்படியே விட்டுட்டேன்.

நோட்டை உனக்கு அனுப்பலாமான்னு யோசிச்சேன். தரமாட்டேன். டைம்டேபிளைக் கிழியாம உரிச்சு எடுத்துட்டேன், அது வேணா அனுப்பறேன், அட்ரஸ் குடு. மத்ததெல்லாம் கட்டியாச்சு, உன் கட்டில் இருந்த எடத்துல தரை மட்டும் வேற கலர்ல இருக்கு.

போஸ்டர் இன்னும் காரிடார்ல தொங்குது, மாத்திப் பிரிண்ட் போட்டுத் தர்றேன்னு ஆபீஸ்ல கேட்டாச்சு, சரின்னுட்டாங்க. ரெண்டு பேர் வரும், உன்னுது முதல்ல. வேண்டாம்னு சொன்னாலும் போடுவேன், அதுக்கு மேல நீ சண்டைக்கு வா. உன் இனிஷியலை முன்னாடி போடணுமா பின்னாடி போடணுமா, அதை மட்டும் சொல்லு, வியாழக்கிழமைக்குள்ள.