இடது பக்கப் பேடிலுக்கு ஒரு வேலை இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்டோமேட்டிக் ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வரும் பேடில் ஷிஃப்டர் (விரலால் இழுத்துக் கியர் மாற்றும் சிறு தகடுகள்; வலது கியரைக் கூட்டும், இடது குறைக்கும்) வெறும் அலங்காரம், வாங்கிய வாரத்தோடு அதன் ஜோலி முடிந்தது என்ற கருத்தில் சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நகரத்துக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு அது சரிதான். கோவை அவிநாசி சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும்போது நானும் அதைத் தொடுவதில்லை. ஆனால் மலைப்பாதையில் இறங்குவதைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் யாராவது ஒருவர் என்னைப் போலவே பாடம் கற்க வேண்டிவரும் என்பதால் எழுதுகிறேன்.

நான் பொள்ளாச்சிக்காரன். என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆடி டிடி. இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், ஆறு கியர், இரட்டை கிளட்ச். மனைவியின் அண்ணன் வால்பாறையில் எஸ்டேட் வேலையில் இருப்பதால் மாதம் ஒருமுறையாவது மேலே போய் வருவோம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. ஏறும்போது எண் கூடிக்கொண்டே போகும், இறங்கும்போது குறைந்துகொண்டே வரும்.

கார் வாங்கிய புதிதில் ஒரு சாயங்காலம் அங்கிருந்து இறங்கினோம். லீவர் டி-யில், அதாவது கார் தானே கியரை மாற்றிக்கொள்ளும் நிலையில்; என் கால் பிரேக்கில். அந்தக் கியர்பாக்ஸுக்குப் பெட்ரோலை மிச்சம் பிடிப்பதுதான் குறி. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் நான்கு, ஐந்து என்று மேல் கியருக்குப் போய்விடும். மேல் கியரில் எஞ்சின் காரை இழுத்துப் பிடிக்காது, முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். பன்னிரண்டாவது வளைவு வரும்போது மனைவி, “ஏதோ கருகற வாடை வருதே” என்றாள். அடுத்த வளைவுக்கு முன்னால் மிதித்தபோது பெடல் வழக்கத்தைவிட ஒரு விரற்கடை கூடுதலாக உள்ளே போனது. கார் நின்றது. ஆனாலும் அந்த ஒரு விரற்கடையை என் பாதம் இன்றுவரை மறக்கவில்லை.

ஒன்பதாவது வளைவில், கீழே ஆழியாறு அணை தெரியும் லோம்ஸ் வியூவில் ஓரங்கட்டினேன். முன் சக்கரத்துப் பக்கம் குனிந்தால் முகத்தில் அனல் அடித்தது. தேயிலை லோடு லாரியை நிறுத்திவிட்டு நின்றிருந்த ஒரு பெரியவர் வாடையை வைத்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். “எந்த கியர்ல வந்தீங்க?” என்று கேட்டார். ஆட்டோமேட்டிக் என்றேன். “ஏறின கியர்லதானுங்க இறங்கோணும். அதுல கியரைக் குறைக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்களா?” என்றார். அப்போதுதான் இடது பக்கப் பேடில் ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு விற்றவர் வலது பக்கப் பேடிலை இழுத்து எஞ்சின் சத்தத்தை மட்டும் காட்டியிருந்தார். இடது பக்கத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அரை மணி நேரம் ஆறவிட்டுப் புறப்பட்டோம். லீவரை, நாமே கியரை மாற்றும் மேனுவலுக்குத் தள்ளி இரண்டாவது கியரைத் தாண்டவிடாமல் வைத்துக்கொண்டேன். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் முள் 3,000-த்துக்குப் பக்கத்தில் நின்றது. பின்னால் யாரோ கயிறு கட்டிப் பிடித்தது போல் கார் அடங்கி இறங்கியது. பிரேக்கை வளைவுக்கு வளைவு லேசாகத் தொட்டதோடு சரி.

அது எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போவது நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். காற்று உள்ளே வரும் வழி அடைபட்டிருப்பதால் எஞ்சின் சுலபத்தில் சுற்றாது, அந்த எதிர்ப்புதான் காரைப் பிடிக்கிறது. கியர் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு பிடி. பிரேக்கோ காரின் வேகம் முழுவதையும் சூடாக மாற்றுகிறது. அந்தச் சூடு, சக்கரத் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடைத் தாண்டி பிரேக் ஆயிலுக்கும் போகும். டாட் 4 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது விதி. காற்றிலுள்ள ஈரத்தை அது நாளடைவில் உறிஞ்சிக்கொள்வதால் அந்த அளவு 155 டிகிரி வரைக்கும்கூட இறங்கலாம். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ். குமிழ் அமுங்கும், பெடல் உள்ளே போகும்.

பேடில் பந்தயத்திலிருந்து வந்த சாமான், சாலைக்கு எதற்கு என்ற தொனியும் கட்டுரையில் இருந்தது. பந்தயத்துக்கு அது ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். 1989-இல் ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640 காரில்தான் ஃபார்முலா ஒன்னில் முதன்முதலாகப் பேடிலோடு பந்தயத்துக்கு வந்தார்கள். அந்த வருட முதல் பந்தயம் பிரேசிலில். கார் பாதியில் நின்றுவிடும் என்று நினைத்து, அதை ஓட்டிய நைஜல் மான்செல் சீக்கிரம் கிளம்பும் விமானத்தில் டிக்கெட் போட்டு வைத்திருந்தாராம். நடுவில் ஸ்டீயரிங்கையே கழற்றி வேறு மாட்ட வேண்டியிருந்தது. அப்படியும் ஜெயித்தார். கியர் மாற்றுவதற்காக ஒரு கை ஸ்டீயரிங்கை விட வேண்டியதில்லை என்பதுதான் அந்த ஏற்பாட்டின் பெரிய லாபம். 1997-இல் ஃபெராரி எஃப்355 வழியாக அது சாலைக் காருக்கு வந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், எதிரே அரசுப் பேருந்து திரும்பிக்கொண்டிருக்கும் வளைவில் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருப்பது பந்தயக்காரருக்கு மட்டும் வேண்டிய வசதி இல்லை.

மேல் கியருக்குப் போவதைக் காரின் கம்ப்யூட்டரிடமே விட்டுவிடலாம் என்று கட்டுரையாளர் சொல்வது எனக்கும் சம்மதம். அடுத்த கியரை அது முன்கூட்டியே மாட்டி வைத்திருக்கும், நம்மால் அதோடு போட்டி போட முடியாது. ஆனால் முன்னால் இருக்கும் சாலை அதற்குத் தெரியாது. வளைவு வருவது நம் கண்ணுக்குத்தான் முதலில் தெரிகிறது. ஆகவே கியரைக் குறைப்பது நம் வேலை. அதையும் நேர்ச் சாலையில், வளைவுக்கு முன்பே செய்துவிட வேண்டும். என் காரில் பேடில் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சுற்றும். பாதி சுற்று திருப்பிவிட்டால் இடது பேடில் எங்கே போனது என்று விரல் தேடும். ஃபெராரியில் அது ஸ்டீயரிங் தண்டில் நிலையாக இருக்கும், அதனால் இந்தக் குழப்பம் கிடையாது. மழை நாளில் இன்னும் முன்னதாகவே, ஒவ்வொரு கியராகக் குறைப்பது நல்லது. அப்புறம் இன்னொன்று: எஞ்சின் பிடிப்பில் வேகம் குறையும்போது பிரேக் விளக்கு எரியாது. பின்னால் வண்டி ஒட்டி வந்தால் பெடலை லேசாகத் தொட்டு விளக்கைக் காட்டிவிட வேண்டும்.

டி-யில் இருந்தபடியே பேடிலை இழுத்தாலும் கியர் மாறும். ஆனால் சிறிது நேரத்தில் கார் தானாகவே பழைய போக்குக்குத் திரும்பிவிடலாம். நீண்ட இறக்கத்துக்கு மேனுவல்தான் சரி. கீழே வந்த பிறகு டி-க்கு வந்துவிட்டால் போதும்.

இனி ஆட்டோமேட்டிக் காரை விமர்சிக்கும்போது நூறு கிலோமீட்டரை எத்தனை நொடியில் தொடுகிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இறக்கத்தில் இரண்டாவது கியரைப் பிடித்து வைக்கிறதா, தானாக மேலே மாறிவிடுகிறதா என்றும் எழுதுங்கள். மலையோரத்து வாசகர்கள் நாங்கள் முதலில் தேடும் வரி அதுதான். கட்டுரையாளர் இந்தப் பக்கம் வந்தால் என் காரின் சாவியைத் தருகிறேன். வால்பாறையிலிருந்து ஆழியாறு வரை இடது பேடிலை நம்பி இறங்கட்டும். கீழே வந்ததும் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பொள்ளாச்சி