பேட்டாவைப் பிடிக்கும் முன் நாஸலைப் பாருங்கள்: லாரி ஓனர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து லாரி ஓனர்களுக்கும் சங்க நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நான் எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் டீசல் பம்ப், அதைச் சிலிண்டருக்குள் தூவும் நாஸல், இந்த இரண்டிலும் வேலை பார்க்கிறவன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. உங்களில் பல பேருடைய வண்டி என் பட்டறை வாசலில் நின்றிருக்கும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கோபம் வந்தால் வேலை கொடுக்காமல் இருந்துவிடுங்கள், பரவாயில்லை.

ட்ரிப் முடிந்து கணக்குப் பார்க்கும்போது மைலேஜ் குறைந்திருந்தால், அந்த டீசலுக்கான பணத்தை டிரைவருடைய பேட்டாவில் (ட்ரிப் படியில்) பிடிக்கிறீர்கள். வண்டியை ஒரு முறை ஸ்டார்ட் செய்துகூடப் பார்க்காமல் பிடிக்கிறீர்கள். அதை நிறுத்தச் சொல்லித்தான் இந்த மடல்.

டீசலை உருவி விற்கிற டிரைவரே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறார்கள், எனக்கும் தெரியும். ஆனால் டீசல் விற்கிறவன் வண்டியில் மைலேஜ் மட்டும்தான் குறையும். காலையில் வெள்ளைப் புகை வராது, நின்ற இடத்தில் ஐட்லிங்கில் ஓடும்போது கேபின் ஆடாது, மேடு ஏறும்போது இழுவை குறையாது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் முதலில் எஞ்சினைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

போன மழைக்காலத்தில் ஒரு டிரைவர் வந்தார். 2011 மாடல் பத்துச் சக்கர வண்டி, கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சின், இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக டீசல் தள்ளும் பழைய வகை). நாசிக் போய் வெங்காயம் ஏற்றி வந்திருக்கிறார், போக வர 2,600 கிலோமீட்டர். ஓனர் போட்ட கணக்கு லிட்டருக்கு 4 கிலோமீட்டர். வண்டி கொடுத்தது 3.4. அதாவது 115 லிட்டர் அதிகம். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 10,500 ரூபாய்க்கு மேல். மொத்தத்தையும் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். "ஒரு சொட்டுக்கூட விக்கலீங்கண்ணா, வண்டி மிஸ்ஸிங் அடிக்குதுன்னு ரெண்டு மாசமா சொல்லிட்டிருக்கேன்" என்றார். மிஸ்ஸிங் என்றால் ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் எஞ்சின் நொண்டுவது. தன் கைக்காசைக் கொடுத்து வண்டியைக் காட்ட வந்திருந்தார். அதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் விடியற்காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். தடக், தடக் என்று ஒரு நொண்டல். வெள்ளைப் புகை, கண் எரிகிற டீசல் வாடை. எரியாத டீசல் வெளியே போகிறது என்று அர்த்தம். மக்கில் தண்ணீர் எடுத்து, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டர் வாய்க்கு நேராகவும் விரலால் தெளித்தேன். எரிகிற சிலிண்டர் என்றால் அந்த இடம் கொதிக்கும். ஐந்து இடத்தில் சுர்ரென்று பொங்கிப் போனது. நான்காவதில் மட்டும் தண்ணீர் அப்படியே வழிந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் காய்ந்தது. அப்புறம் ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு நாஸல் பைப்பின் நட்டையும் அரைச் சுற்று தளர்த்தி, திரும்ப இறுக்கிக்கொண்டே வந்தேன். வேலை செய்கிற சிலிண்டரைத் தளர்த்தினால் எஞ்சின் சத்தம் உடனே மாறும், நொண்டல் கூடும். நான்காவதைத் தளர்த்தினேன், எஞ்சினுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டு வாசலில் செய்து பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை. பீச்சுகிற டீசலுக்கு முன்னால் கையைக் காட்டாதீர்கள், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் புது வகைக் காமன் ரயில் வண்டிகளில் பைப்பைத் தொடவே கூடாது. அங்கே அழுத்தம் 1,000 பாருக்கு மேல், அதாவது காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் போகும். அதற்கு ஸ்கேனர் இருக்கிறது.

சரி, நான்காவது நாஸலைக் கழற்றி டெஸ்டரில் மாட்டினேன். பனி மாதிரித் தூவ வேண்டியது குழாய் மாதிரிச் சொட்டியது. நாஸலை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு, அடியில் உட்காரும் செம்பு வாஷரை எடுக்கக் கொக்கியை விட்டேன். ஒன்று வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் கரி பிடித்து இன்னொன்று! முன்பு எப்போதோ வேலை செய்த யாரோ பழைய வாஷரை எடுக்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ஒரு வாஷர் கனத்துக்கு நாஸல் மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது, டீசல் பிஸ்டன் கிண்ணத்தில் விழ வேண்டிய இடத்தில் விழவில்லை. இதில் டிரைவர் எங்கே வந்தார்?

அதோடு முடியவில்லை. தண்ணீர் சூட்டைப் பார்த்தேன். அரை மணி நேரம் ஓட்டியும் முள் எழவே இல்லை. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வு இருக்க வேண்டிய இடம் காலி. நம் ஊரில் எஞ்சின் சூடாகிறது என்று சொன்னதும் வால்வைக் கழற்றி எறிவது ஒரு கெட்ட பழக்கம், எங்கள் மெக்கானிக் ஆட்கள் செய்கிற வேலைதான். ரேடியேட்டர் அடைப்பைப் பார்க்கச் சோம்பல். எண்பது டிகிரிக்கு மேல் ஓட வேண்டிய எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் டீசலைக் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டரும் சீக்கிரம் தேயும். டேப்பட்டையும், அதாவது வால்வுக்கு மேல் விட வேண்டிய இடைவெளியையும், பார்த்தேன். இந்த எஞ்சினுக்கு இன்லெட் 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.51. இரண்டு வால்வுகளில் அளவுத் தகடு (கேஜ்) நுழையவே இல்லை, இடைவெளி அவ்வளவு குறைவு.

எல்லாம் சரி செய்தபின் அடுத்த ட்ரிப்பில் 3.9 வந்தது. ஆன செலவு, பிடித்த பணத்தைவிடக் குறைவு.

கறுப்புப் புகை என்றால் வேறு கதை. ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ ஹோஸில் விரிசல், யாராவது பம்ப் சீலை உடைத்துத் திருகி டீசலைக் கூட்டியிருப்பது, இப்படிப் போகும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. புகையே இல்லை, இழுவையும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் மைலேஜ் இல்லையா? பத்துக் கிலோமீட்டர் பிரேக் அதிகம் போடாமல் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு வீல் டிரம்மிடமும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. டயர் காற்றைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உங்கள் மைலேஜ் கணக்கே சரிதானா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தேய்ந்த டயரைக் கழற்றிப் புது டயர் போட்டால் சுற்றளவு கூடும், மீட்டர் நூற்றுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் குறைத்துக் காட்டும். புது டயர் போட்ட ட்ரிப்பில் 4 என்பது 3.9 ஆகத் தெரியும். பங்க்கில் தரை சாய்ந்திருந்தால் அதே டேங்க் லிட்டர் கணக்கில் கூடக் குறையப் பிடிக்கும். ஒரு ட்ரிப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரே பங்க், ஒரே இடம், டேங்க் வாய்வரை, மூன்று ட்ரிப். அப்புறம் பேசுங்கள்.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் தொப்பூர் கணவாய். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் அந்தச் சரிவில் நியூட்ரலில் வராதே என்று போலீஸ் எத்தனை முறை சொன்னாலும் வருகிறார்கள். ஏன் என்று டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் போட்ட 4 என்ற எண்ணைத் தொடத்தான். நொண்டுகிற எஞ்சின் தின்ற டீசலை இறக்கத்தில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். அதில் மிச்சமும் இல்லை. கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பம்பில் இருக்கும் கவர்னர் டீசலை நிறுத்திவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கவே டீசல் வேண்டும். கூடவே புகைக்குழாயை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் போச்சு, பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸரும் மெதுவாகத்தான் காற்று ஏற்றும். இருபத்தைந்து டன்னையும் வெறும் டிரம்மை நம்பி இறக்குகிறார்கள்.

ஆகவே சங்கத்தில் இதைப் பேசுங்கள். மிஸ்ஸிங் என்றோ இழுவை இல்லை என்றோ டிரைவர் சொன்னால் அதைத் தேதி போட்டு ட்ரிப் ஷீட்டில் எழுத ஒரு கட்டம் வையுங்கள். அந்தக் கட்டத்தில் எழுத்து இருக்கும்வரை, வண்டியைப் பார்க்காமல் டீசல் பணம் பிடிக்கக் கூடாது. பார்க்க அரை நாள் போதும். நாஸல் டெஸ்ட் பண்ண நான் வாங்குகிற கூலி உங்களுக்கே தெரியும்.

அந்த நாசிக் டிரைவருக்கு 10,500 ரூபாய் திரும்பவில்லை. ஓனரிடம் போனில் சொன்னேன். "போன கணக்குப் போனதுதாங்க" என்றார். டிரைவர் இப்போது வேறு வண்டி ஓட்டுகிறார். அந்த இரண்டு வாஷரையும் டெஸ்டருக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். பட்டறைப் பக்கம் வந்தால் எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
நாமக்கல்லில் ஒரு பம்ப் மெக்கானிக்