எங்கள் பிளஸ் டூ பிள்ளைகளிடம் கேள்வி கேட்கப்போகும் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேதாரண்யம் வட்டாரத்துப் பெற்றோர்களுக்கும், மாமா, அத்தை, சித்தப்பா, பெரியம்மா என்று முறை வைத்து அழைக்கப்படும் அனைவருக்கும், கடைத்தெருவில் பிள்ளைகளை நிறுத்தி நாலு வார்த்தை பேசும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் நாள் நெருங்கிவிட்டது. அன்று காலையில் கைப்பேசிக்கு மதிப்பெண் வந்து சேரும். அடுத்த நிமிடமே நீங்கள் எல்லோரும் கேள்வியோடு வருவீர்கள். அதற்குள் எங்கள் பிள்ளைகளை உங்களுக்கு அறிமுகப்படுத்திவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பிள்ளைகளை எங்களுக்கே அறிமுகப்படுத்துவதா என்று கேட்பீர்கள். வீட்டில் தட்டைக் கழுவாமல் எழுந்து போகிறவன்தான் வகுப்பில் நாற்பது பேருடைய சாப்பாட்டுத் தட்டுகளையும் வரிசையாக அடுக்கி வைக்கிறான். அந்தப் பையனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

நான் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். கணிதம், உயிரியல், வணிகவியல், தொழிற்கல்வி என்று பிள்ளைகள் தனித்தனிப் பிரிவுகளில் படித்தாலும் தமிழுக்கு எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். திருப்புதல் தேர்வு நடந்த நாட்களில் கட்டுரைப் பயிற்சிக்காக ஒரு தலைப்புக் கொடுத்தேன்: ‘பத்து ஆண்டுகள் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் நான்.’ முன்னுரை, முடிவுரை வேண்டாம், மேற்கோள் வேண்டாம், உள்ளதை எழுதுங்கள் என்றேன். அந்தத் தாள்களைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. படித்துச் சிரித்தேன், சில இடங்களில் கண் கலங்கினேன். அவற்றிலிருந்து சிலரைப் பற்றிப் பிள்ளைகளிடம் அனுமதி கேட்டுக்கொண்டு இங்கே எழுதுகிறேன். பெயர் சொல்லவில்லை.

முதலில் ரயில்காரன். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளிக்கு ஓடிய மீட்டர்கேஜ் ரயில் 2004இல் நின்றுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். அவன் அப்போது பிறக்கவே இல்லை. புல் முளைத்த தண்டவாளத்தைப் பார்த்தே வளர்ந்தவன். 2023 ஏப்ரல் 8 அன்று அகலப்பாதையில் மறுபடி ரயில் விட்டபோது ஒன்பதாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தான். அன்றிலிருந்து அவனுடைய நோட்டுகளின் கடைசிப் பக்கங்கள் ரயில்வேக்குச் சொந்தம். எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிடம் நிற்கும், கிராசிங் எங்கே, எந்தக் கேட்டில் எத்தனை முறை ஹாரன் அடிக்கிறார்கள் என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறான். கட்டுரையில், “திங்கட்கிழமை காலையில் அகத்தியம்பள்ளியிலிருந்து நான் வண்டியை எடுக்கிறேன். தமிழம்மா தாமதமாக ஓடி வருகிறார்கள். விதிப்படி நான் நிறுத்தக் கூடாது” என்று எழுதியிருக்கிறான். ரயில் ஓட்டும் லோகோ பைலட் வேலைக்குக் கண்ணாடி இல்லாமல் நல்ல பார்வை வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதனால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கரும்பலகையைப் படித்துக் காட்டித் தினமும் தன் கண்ணைத் தானே சோதித்துக்கொள்கிறான். அவனுடைய தாயார், பையன் இன்ஜினியரிங்தான் படிக்க வேண்டும் என்று நிற்கிறார். அம்மா, உங்களுக்கும் அவனுக்கும் சண்டையே வேண்டியதில்லை. உதவி லோகோ பைலட் தேர்வுக்கு ஐடிஐ படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் போன்ற பிரிவுகளில் டிப்ளமோவோ பொறியியல் பட்டமோ பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். நீங்கள் கேட்ட படிப்பைப் படித்துவிட்டே அவன் கேட்ட இன்ஜினில் ஏறலாம்.

அடுத்தவள் மின்சாரக்காரி. 2018 நவம்பர் 16 அன்று விடியும் முன் கஜா புயல் நம் ஊர்மேல் ஏறிப் போனபோது அவள் ஐந்தாம் வகுப்பு. தென்னையும் மாமரமும் சாய்ந்து கிடந்த அந்த வாரங்களை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இருட்டில் அவள் பார்த்துக்கொண்டிருந்தது கம்பம் நட வந்தவர்களை. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் தண்ணீர் நின்ற வயலில் இறங்கி நின்று கம்பத்தைத் தோளில் தாங்கியதையும், அவளுடைய பாட்டி அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததையும், தெருவில் முதல் விளக்கு எரிந்தபோது எல்லோரும் கத்தியதையும் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாள். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் ஆக வேண்டுமாம். இப்போதே தெருவில் பழுதான மிக்ஸியெல்லாம் அவள் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருகிறது. வகுப்பில் மின்விசிறி நின்றால் பிள்ளைகள் மேலே பார்ப்பதில்லை, அவளைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். “பத்து ஆண்டுகள் கழித்துப் புயல் வந்தால், வேறு மாவட்டத்துக்குக் கம்பம் நடப் போகும் முதல் வண்டியில் நான் இருப்பேன்” என்பது அவள் கட்டுரையின் கடைசி வரி. முடிவுரை வேண்டாம் என்று சொன்ன பிறகும் அவள் எழுதிய அந்த வரிக்கு நான் முழு மதிப்பெண் போட்டேன்.

உப்பளத்துப் பையன் ஒருவன் வணிகவியல் பிரிவில் இருக்கிறான். பிரிவு உபசார விழாவுக்கு வகுப்பில் பணம் திரட்டியபோது அவன்தான் பொருளாளர். கேக், பூ, பந்தல் எல்லாம் போக மிஞ்சிய சில்லறையைப் பங்கு பிரித்து ஒவ்வொருவருக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தான். எனக்கும் ஒரு ரூபாய் வந்தது. ஆடிட்டர் ஆக வேண்டும் என்பது அவன் ஆசை. 2023இல் 600க்கு 600 வாங்கிய திண்டுக்கல் மாணவி ஆடிட்டர் ஆவேன் என்று சொன்ன செய்தியைக் கத்தரித்துக் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் ஒட்டி வைத்திருக்கிறான். அவன் கட்டுரையில் ஒரு கேள்வி இருக்கிறது. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து இங்கே உப்பு அள்ளியது பாடத்தில் இருக்கிறது. இன்றைக்கு உப்பு அள்ளும் என் அப்பாவுடைய குத்தகைக் கணக்கு ஏன் எந்தப் பாடத்திலும் இல்லை என்று கேட்கிறான். அந்தக் கணக்கைத் தானே எழுதப்போவதாகவும் சொல்கிறான். எழுதட்டும். பிளஸ் டூ முடித்த கையோடு, ஆடிட்டர் படிப்பின் முதல் படியான சி.ஏ. பவுண்டேஷன் தேர்வு எழுதலாம் என்பதை மட்டும் அவன் வீட்டில் யாராவது நம்ப வேண்டும்.

மீனவர் தெருவிலிருந்து வரும் பெண் மீன்வள அறிவியல் படிக்கப்போகிறாளாம். அவளுடைய அப்பா ஒருமுறை பள்ளிக்கு வந்திருந்தார். “டீச்சர், மீனைப் பற்றி எங்களுக்குத் தெரியாததையா அங்கே சொல்லித் தரப்போகிறார்கள்?” என்று உண்மையாகவே வியந்து கேட்டார். மகள் பக்கத்தில் நின்றுகொண்டு, கோலா மீன் ஏன் இந்தப் பருவத்தில் மட்டும் கூட்டமாக வருகிறது என்று அவரைக் கேட்டாள். அவர் காற்றைச் சொன்னார். அவள் நீரின் வெப்பத்தைச் சொன்னாள். அப்பாவும் மகளும் என்னை மறந்துவிட்டு அலுவலக வாசலில் நின்று அரை மணி நேரம் விவாதித்தார்கள். ஐயா, அந்தப் பல்கலைக்கழகம் நம் நாகப்பட்டினத்தில்தான் இருக்கிறது. உங்கள் கேள்வியை நீங்களே அங்கே போய்க் கேட்கலாம். அவளைச் சேர்க்கப் போகும் நாளில் கேளுங்கள்.

பறவைப் பெண்ணைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. வெள்ளையாக எது பறந்தாலும் கொக்கு என்று அவள் முன்னால் சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லி மாட்டிக்கொண்டிருக்கிறேன். அலகின் நிறம், காலின் நிறம், கழுத்தை மடக்கிப் பறந்ததா நீட்டிப் பறந்ததா என்று இலக்கண வகுப்பு முழுவதும் எனக்குப் பாடம் நடந்தது. கோடியக்கரைச் சரணாலயம் 1967இலிருந்து இருக்கிறது. பனிக்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும் அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2002இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்குத் தரப்படும் ராம்சார் தகுதி கிடைத்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் அங்கே பல ஆண்டுகளாகப் பறவைகளின் காலில் வளையம் மாட்டி ஆய்வு செய்து வருகிறார்கள். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வந்து பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் பிறந்த பெண், “நானும் வளையம் மாட்டப் போகிறேன்” என்று சொல்வதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ஆனால் அவளுடைய பெரியப்பா, “பறவை பார்க்க எவன் சம்பளம் கொடுப்பான்?” என்று கேட்டாராம். கொடுக்கிறார்கள் ஐயா. விலங்கியல் படித்துவிட்டு வனஉயிரியலில் மேற்படிப்புப் படிக்கலாம். மயிலாடுதுறைக்கு அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலேயே அந்தப் படிப்பு இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது. கோவை ஆனைக்கட்டியில் சாலிம் அலி பெயரில் பறவை ஆய்வு மையமே இருக்கிறது. இதையெல்லாம் அவள் ஒரு தாளில் எழுதி மடித்துப் பையில் வைத்திருக்கிறாள். பெரியப்பா கேட்டால் எடுத்துக் காட்டுவதற்காக. அவர் மறுபடி கேட்கவே இல்லையாம்.

காவலர் ஆக விரும்பும் பெண்ணின் கவலை வேறு. பெண்களுக்கு 159 சென்டிமீட்டர் உயரம் கேட்கிறார்கள். வகுப்பறைத் தூணில் அவள் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். இடைவேளையில் வேப்பங்கிளையில் தொங்குகிறாள், தோழிகள் இருவர் காலைப் பிடித்து இழுக்கிறார்கள். பொதுத்தேர்வுக்கு முந்தைய வாரம் கோட்டைத் தொட்டுவிட்டாள். அன்றைக்கு அந்த வகுப்பில் எழுந்த சத்தத்தில் தலைமையாசிரியரே எழுந்து வந்துவிட்டார்.

எல்லா ஆசிரியர்களையும் போலப் பேசிக் காட்டும் ஒருவன் டப்பிங் கலைஞர் ஆவானாம். படகு இன்ஜினின் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லும் ஒருவன், டீசல் மெக்கானிக் பிரிவில் ஐடிஐ சேரக் காத்திருக்கிறான். கோடியக்காட்டுச் சாலையில் முல்லைப் பூ கட்டும் தாயின் மகள் ஒருத்தி, பூ வாடாமல் சிங்கப்பூர் வரை அனுப்பும் கம்பெனி வைப்பாளாம். கம்பெனிக்கு அம்மா பெயர்.

இன்னொருவன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்: “எனக்கு இன்னும் தெரியவில்லை அம்மா.” சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கி வைப்பவன் என்று மேலே சொன்னேனே, அவன்தான். யாருக்குக் காய்ச்சல், யார் காலையில் சாப்பிடாமல் வந்தார்கள், யார் வீட்டில் என்ன பிரச்சினை என்று வகுப்பில் எல்லோரையும் அறிந்தவன் அவன். அவனுக்குப் பதினேழு வயது. அவனிடம் போய் என்ன ஆகப்போகிறாய் என்று நெருக்காதீர்கள். ஒரு மாதம் விடுமுறையில் உங்களோடு வேலை நடக்கும் இடங்களுக்குக் கூட்டிப் போங்கள். அரசு மருத்துவமனைக்கு, மின் அலுவலகத்துக்கு, பத்திர அலுவலகத்துக்கு, மீன் ஏலக் கூடத்துக்கு. பார்க்காத வேலையை எந்தப் பிள்ளை விரும்ப முடியும்?

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். முடிவு வரும் நாளில் முதல் கேள்வியாக “எத்தனை மார்க்?” என்று கேட்காதீர்கள். மார்க் எங்கேயும் ஓடிவிடாது. “என்ன செய்ய ஆசை?” என்று கேளுங்கள். பதில் வந்ததும் “அதெல்லாம் நமக்கு எதற்கு?” என்று சொல்லிவிடாமல், “அதற்கு எந்தத் தேதிக்குள் விண்ணப்பம் போட வேண்டும்?” என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். அரசுக் கலைக் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம், பொறியியலுக்கு வேறு, வேளாண்மை, மீன்வளப் படிப்புகளுக்கு வேறு. மதிப்பெண் போதாமல் இடத்தை இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தேதி தெரியாமல் இழந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகைக்குப் பெரியவர்களாகிய நாம்தான் பொறுப்பு.

பணம்தான் தடை என்று நினைக்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020இலிருந்தும், பொறியியல், வேளாண்மை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021இலிருந்தும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கல்லூரி சேரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.

மதிப்பெண் சான்றிதழ் வாங்கப் பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கு வரும் நாளில் நீங்களும் வாருங்கள். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர், ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவர், காவல் நிலையத்தில் இருப்பவர், வனத்துறையில் இருப்பவர் யாராக இருந்தாலும் வேப்ப மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிள்ளைகளிடம் பேசினால் போதும். உங்கள் உறவில் லோகோ பைலட் யாராவது இருந்து, அன்றைக்கு அவருக்கு விடுப்புக் கிடைக்குமானால், அவரைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். எங்கள் பையன் அவருக்காக ஒரு நோட்டு நிறையக் கேள்வி வைத்திருக்கிறான்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் தமிழம்மா